இரண்டாவது அல்பம் யாருக்குச் சொந்தம்?

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் எலாஸ்டிக்கா என்ற லண்டன் றொக் இசைக்குழு ‘த மெனஸ்’ என்ற தன் இரண்டாவது அல்பத்தை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகள் காத்திருந்த இரசிகர்கள் அதைக் கேட்டுவிட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்தச் சேதி எவர் காதிலும் விழுந்திருக்க நியாயமில்லை. அந்த ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு இராணுவத் தளம் புலிகளிடம் வீழ்ந்தது. அடுத்த வாரங்களில் தென்மராட்சிச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் இடம்பெயர்ந்தது. ஆனால் அந்த அல்பத்தின் உறையை வடிவமைத்தவர் குடாநாட்டில் வளர்ந்த ஒரு பெண். யாழ்ப்பாணம் திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்து, 1986இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்த மாதங்கி மாயா அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்று பிறகு உலகம் அறிந்த பாடகி. ஏழு ஆண்டுகள் கழித்து, 2007இல், ‘கலா’ என்ற அவருடைய சொந்த இரண்டாவது அல்பமும் கேட்டவர்களை அதே போலப் பிரித்துவைத்தது.

இந்த இரண்டு அல்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவது அல்பம் ஏன் இவ்வளவு சச்சரவைக் கிளப்புகிறது என்ற பழைய கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை போதாது என்று தெரியும்.

வழக்கமான விடை இது: முதல் அல்பத்துக்குரிய பாட்டுகளை எழுத ஒரு குழுவுக்கு அதன் இளமை முழுவதும் கிடைக்கிறது. இரண்டாவதுக்குக் கிடைப்பது ஒன்றரை வருடம். அதிலும் பாதி பேருந்திலும் விடுதியிலும் கழிகிறது. ஒப்பந்தம் போட்ட நிறுவனம் அவசரப்படுத்துகிறது. சரக்கு தீர்ந்துபோகிறது. இதில் உண்மை உண்டு. ஆனால் ‘ஸ்டோன் றோஸஸ்’ குழு 1989இல் முதல் அல்பத்தைத் தந்துவிட்டு, இரண்டாவதுக்கு 1994 டிசம்பர் வரை எடுத்துக்கொண்டது. அதற்கும் இரசிகர்கள் ஏமாற்றமே தெரிவித்தார்கள். ‘வீசர்’ குழுவின் இரண்டாவது அல்பம் ‘பிங்கேர்ட்டன்’ 1996இல் வந்தபோது, ‘றோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை வாசகர்கள் அதை அந்த வருடத்தின் மிக மோசமான அல்பங்களில் மூன்றாவதாகத் தெரிந்தார்கள். சில ஆண்டுகளில் அதே அல்பத்தைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஒரு தலைமுறை வந்தது. அல்பத்தில் ஒரு சுரமும் மாறவில்லை. ஆகவே அவசரமும் சரக்குத் தீர்வதும் பாடுபவர் பக்கத்து விளக்கங்கள் மட்டுமே. கேட்பவர் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை அவை தொடுவதில்லை.

‘த கிளாஷ்’ குழுவின் இரண்டாவது அல்பம் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுகிறது. 1978 நவம்பரில் வந்த அந்த அல்பத்தை அமெரிக்கத் தயாரிப்பாளர் சாண்டி பேர்ள்மன் தயாரித்தார். ஒலி துப்புரவாக, பெரிய மேடைக்கு ஏற்றதாக இருந்தது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்குப் போனது. பங்க் இசையை வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்ட இளைஞர் பலருக்கு அதே துப்புரவுதான் குற்றம். முதல் அல்பத்தின் கரடுமுரடைத் தங்கள் வீட்டுக் குரலாகக் கேட்டவர்கள் அவர்கள். இப்போது அந்தக் குரல் அமெரிக்கர்களை நோக்கித் திரும்பிப் பேசுகிறது என்று அவர்களுக்குப் பட்டது. அவர்களின் மனக்குறை பாட்டின் தரத்தைப் பற்றியது என்பதைவிட, அது யாரைப் பார்த்துப் பாடப்படுகிறது என்பதைப் பற்றியது.

எலாஸ்டிக்காவுக்கு நடந்ததும் இதற்குச் சொந்தக்காரக் கதை. ஜஸ்டீன் ஃபிரிஷ்மன் தலைமையில் இயங்கிய அந்தக் குழுவின் முதல் அல்பம் 1995 மார்ச்சில் வெளிவந்து நேரே முதலிடத்துக்கு ஏறியது. மேர்க்கியூரி விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் சொல்லவந்ததைச் சொல்லி முடித்துவிடும் கூர்மையான கிற்றார்ப் பாட்டுகள். மெட்டுகளை எங்கள் பாட்டுகளிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று ‘வயர்’, ‘ஸ்ட்ராங்ளர்ஸ்’ ஆகிய இரண்டு மூத்த குழுக்களின் பக்கத்திலிருந்து வழக்கு வந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. பிறகு ஐந்து ஆண்டுகள் ஒன்றும் வரவில்லை. உறுப்பினர்கள் போனார்கள், வந்தார்கள். போதைப்பொருள் குழுவை அரித்தது. கிற்றார் வாசித்த டொனா மத்தியூஸ் விலகினார். ‘பிரிட்பொப்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்திருந்த அலை வடிந்து போயிருந்தது.

அந்த வடிந்த கரையில்தான் ‘த மெனஸ்’ வந்தது. கீபோர்ட் இரைச்சல், முடிக்காமல் விட்டதுபோன்ற பாட்டுகள், ‘த ஃபோல்’ குழுவின் மார்க் ஈ. ஸ்மித்தின் குரல், ஜெர்மன் குழுவொன்றின் பழைய பாட்டின் மறுபாடல். பிரித்தானியப் பட்டியலில் 24ஆம் இடத்தோடு நின்றது. முதல் அல்பத்தின் மினுக்கத்தை எதிர்பார்த்தவர்கள் ஐந்து வருடம் காத்திருந்ததற்குப் பலன் இதுதானா என்றார்கள். இன்னொரு கூட்டம், சின்னக் கூட்டம், இதைத்தான் சுதந்திரம் என்றது: வெற்றியின் அச்சைத் திரும்பக் குத்தாமல், உடைந்து கிடந்த நிலைமையை உடைந்தபடியே பதிவு செய்திருக்கிறார்கள் என்று. அந்தச் சின்னக் கூட்டத்தின் பக்கத்தில்தான் நான் நிற்கிறேன். முதல் அல்பம் கெட்டித்தனமானது, இரண்டாவது நேர்மையானது. ஆனால் அதை முழுமையான வேலை என்று சொல்ல எனக்கு மனமில்லை. நடுவில் நாலைந்து பாட்டுகள் வெறும் குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. குழு அடுத்த வருடமே, 2001இல், கலைந்துவிட்டது.

இந்தத் ‘தோல்வி’ அல்பத்திலிருந்து எது முளைத்தது என்பது இசை வரலாற்றில் நான் விரும்பித் திரும்பத் திரும்ப வாசிக்கும் பகுதி. உறையை வடிவமைத்த மாயா, சென்ட்ரல் சென் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் படித்தவர். அந்தக் குழுவின் அமெரிக்கப் பயணத்தைக் கமெராவில் பதிவு செய்யக் கூடவே போனார். அந்தப் பயணத்தில் முன்னிகழ்ச்சி செய்த பீச்சஸ் என்ற பாடகி, றோலன்ட் எம்.சி-505 என்ற தாளப்பெட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். மேசைமேல் வைக்கக்கூடிய ஒரு கருவி. தனியாள் ஒருவர் அறைக்குள் இருந்தபடி தாளமும் நாதமும் சேர்க்கலாம். அந்தப் பெட்டியில் மாயா செய்துபார்த்த பாட்டுகளில் ஒன்றான ‘கலாங்’, அவரோடு ஃபிரிஷ்மனும் ‘பல்ப்’ குழுவின் ஸ்டீவ் மெக்கியும் றோஸ் ஓர்ட்டனும் சேர்ந்து எழுதியது. 2003இல் 500 பிரதிகள் மட்டும் அச்சடிக்கப்பட்டது. அங்கிருந்து 2005இல் அவருடைய முதல் அல்பம் ‘அருளர்’ வந்தது. ஒரு றொக் குழு தன் கடைசி மூச்சில் இன்னொருத்தியின் கையில் கருவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அல்பங்களைப் பட்டியல் இடத்தால் அளக்கிறவர்களுக்கு இது கணக்கில் வராது.

‘அருளர்’ என்பது தகப்பனின் இயக்கப் பெயர். ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1977 வன்செயலுக்குப் பின் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குத் தமிழ் அகதிகளை ஏற்றிவந்த கப்பலை வைத்து ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர். மகள் அந்தப் பெயரைத் தலைப்பாக்கி, உறையில் புலிகளையும் துப்பாக்கிகளையும் குண்டுகளையும் அச்சுக்குத்திப் பளபளக்கும் வர்ணங்களில் நிரப்பினார். லண்டனிலும் நியூயோர்க்கிலும் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். நடனமாட வைக்கும் தாளமும் எங்கோ நடக்கும் ஒரு போரின் படமும் ஒன்றாகக் கிடைத்ததில் அவர்களுக்கு ஒரு கிளர்ச்சி. குடாநாட்டில் இருந்தவர்களுக்கு அந்தப் படங்கள் அலங்காரமாக இருக்க முடியாது. அந்தப் புலிச் சின்னத்தோடு வீட்டுக்கு வந்தவர்கள் பிள்ளையைக் கேட்டு வந்ததும் உண்டு, பிள்ளையைக் காப்பாற்ற வந்ததும் உண்டு.

இரண்டாவது அல்பத்துக்கு அவர் தாயின் பெயரை வைத்தார். தாய் கலா, தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை லண்டனில் வளர்த்தவர். முதலாவது ஆண்களின் அல்பம், இரண்டாவது பெண்ணின் அல்பம் என்ற கருத்துப்பட அவரே பேட்டிகளில் பேசியிருக்கிறார். அமெரிக்காவில் டிம்பலாண்ட் போன்ற பெரிய தயாரிப்பாளரோடு இருந்து செய்வதாகத்தான் முதலில் திட்டம். 2006இல் அமெரிக்க விசா கிடைக்காமல் போனது. ஆகவே இந்தியா, ட்ரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா, ஜப்பான் என்று அலைந்து பதிவு செய்தார். சென்னையில் உறுமிக்காரரை வைத்து ஒலிப்பதிவு செய்த தாளம் ‘பேர்ட் ஃப்ளூ’வில் அதிர்கிறது. ‘பம்பூ பங்கா’வில் இளையராஜாவின் ‘காட்டுக்குயிலு’ வருகிறது. ‘ஜிம்மி’ என்பது 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ படத்தில் பப்பி லஹிரி இசையமைத்த பாட்டின் மறுபாடல். சிறுவயதில் விருந்துகளில் அந்தப் பாட்டுக்குத் தான் ஆடியதை மாயா சொல்லியிருக்கிறார். அவுஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் ஒரு ராப் பாட்டும் உள்ளே உண்டு. பிறகு ‘பேப்பர் பிளேன்ஸ்’: ‘த கிளாஷ்’ 1982இல் வெளியிட்ட ஒரு பாட்டின் இசைத்துண்டின் மேல், விசாவும் கள்ளக் கடவுச்சீட்டும் பணமும் பற்றிய ஒரு பாட்டு, நடுவில் துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டியின் மணி.

2007 ஓகஸ்ட்டில் அல்பம் வெளிவந்தபோது, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. குடாநாட்டுக்குள் சாமான் கப்பலில் வந்தது. வெளியில் போக இராணுவத்தின் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். எல்லை தாண்ட அனுமதி கிடைக்காத ஒருத்தி அலைந்து செய்த அல்பம், எல்லை தாண்ட அனுமதி கேட்டு வரிசையில் நின்ற சனத்துக்கு எட்டவில்லை. எங்களில் பெரும்பாலானோர் அந்தக் குரலை முதன்முதலில் கேட்டது ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தின் வழியாக, கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி புளூடூத்தில் மாறிய ஒரு பாட்டாக.

மேற்கில் ‘கலா’வுக்குக் கிடைத்த வரவேற்பைப் பலர் ஏகமனதான பாராட்டு என்று நினைக்கிறார்கள். விமர்சகர்களைப் பொறுத்தவரை அது பெருமளவு சரி: ‘றோலிங் ஸ்டோன்’ அதை 2007இன் முதல் அல்பமாகத் தெரிந்தது, ‘பிட்ச்ஃபோர்க்’ முதல் அல்பத்துக்குக் கொடுத்த 8.6ஐவிடக் கூட்டி 8.9 கொடுத்தது. ஆனால் ‘அருளர்’ பாட்டுகளுக்கு நடன அரங்குகளில் ஆடிய இரசிகர் பலருக்கு இது ஒரு சத்தக்காடு. மெட்டு எங்கே, கொக்கி எங்கே, பிள்ளைகளின் கூச்சலையும் கோழிச் சத்தத்தையும் ஏன் இவ்வளவு முன்னுக்குத் தள்ளியிருக்கிறார் என்று கேட்டார்கள். இன்னொரு சாரார், ஏழை நாடுகளின் ஒலிகளைக் கூடைக்குள் பொறுக்கிப்போட்ட சுற்றுலா என்றார்கள். அமெரிக்கப் பட்டியலில் அல்பம் 18ஆம் இடத்தைத் தொட்டது, பிரித்தானியாவில் 39. ஒரு திரைப்பட முன்னோட்டம் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டைத் தூக்கிவிட்ட பிறகுதான், வெளியாகி ஒரு வருடம் கழித்து, அந்தப் பாட்டு அமெரிக்காவின் முதல் ஐந்துக்குள் நுழைந்தது. எம்.ரி.வி. அதன் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றி ஒலிபரப்பியது. பாட்டின் பொருளே அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது: குடியேறி வந்தவனைப் பார்க்கும் ஒருவன் மனதில் என்ன கேட்கிறது என்பதைப் பாட்டு சத்தமாகச் சொல்லிக்காட்டுகிறது.

அதே ஓகஸ்ட்டில் மாயா ஒரு பேட்டியில் இன்னொரு விடயத்தைப் போட்டு உடைத்தார். முதல் அல்பத்தின் மூளை தயாரிப்பாளர் டிப்ளோ என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. பெரும்பாலான பாட்டுகள் அவரைச் சந்திக்க முன்னரே செய்யப்பட்டவை என்று மாயா கோபத்தோடு சொன்னார். ‘கலா’ மீதான குறைகளில் ஒரு பகுதி இங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். முதல் அல்பத்தை ஒரு வெள்ளைக்காரத் தயாரிப்பாளரின் கெட்டித்தனமாகக் கேட்டவர்கள், இரண்டாவதில் அந்தக் கை குறைந்ததும் ஒழுங்கு குறைந்ததாகக் கேட்டார்கள். எனக்கு ‘கலா’ இரண்டில் பெரிய வேலை. ‘அருளர்’ தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டே இருக்கிறது. ‘கலா’ அறிமுகத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறது.

தமிழ்ச் செவிகளின் கதை வேறு. உறுமியைக் கேட்டு, இதோ இலங்கையின் ஒலி என்று வெளிநாட்டு இரசிகர்கள் நினைத்துக்கொண்டார்கள். குடாநாட்டுக் காதுக்கு உறுமி தென்னிந்தியாவின் வாத்தியம். இலங்கையில் அதைத் தம்மோடு வைத்திருப்பவர்கள் மலையகத் தமிழர். எங்கள் கோயில் வீதியின் ஒலி தவில். 1975இல் மறைந்த தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்தார்கள். எங்கள் செத்தவீட்டு ஒலி பறை. அதை அடித்தவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பதை நினைத்தால், பறையை எங்கள் ஒலி என்று பெருமையோடு சொல்லும் உரிமை எங்களில் பலருக்கு இல்லை. ஆகவே ‘இது எங்கட ஒலி இல்லை’ என்ற குறை சரிதான், ஆனால் அரைவாசிதான் சரி. தோலால் கட்டிய, ஒதுக்கப்பட்ட வாத்தியம் ஒன்றை அவர் உலகச் சந்தையின் நடுவில் முதல் வாத்தியமாக வைத்தார். அதைச் செய்யக் குடாநாட்டுக்குள் இருந்த எங்களுக்கு வாய்ப்பு இல்லை என்பது மட்டுமல்ல, துணிவும் இருக்கவில்லை. என் மனக்குறை வேறு: தயாரிப்பாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் விமர்சனங்கள், அந்த உறுமிக்காரரை ஆட்களாகக்கூட எண்ணாமல் வெறும் ஒலியாகவே கடந்து போகின்றன.

‘காட்டுக்குயிலு’ விடயத்தில் என் காது நடுநிலையாக இருக்க முடியாது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘தளபதி’ 1991 தீபாவளிக்கு வந்த படம். குடாநாட்டில் அப்போது மின்சாரம் இல்லை; பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டயனமோவில் ஓடும் கசற்றிலும் வானொலியிலும்தான் இளையராஜாவைக் கேட்டோம். சுற்றுகிறவரின் கை களைத்தால் குரல் இழுபடும். அந்தப் பாட்டின் ஒரு துண்டு, மிச்சம் என்ற லண்டன் புறநகரின் அரச குடியிருப்பில் வளர்ந்த ஒருத்தியின் அல்பத்தில் முதல் பாட்டாக, வேகம் மாறி, வெட்டி ஒட்டப்பட்டு வருகிறது. தமிழ்நாட்டு இரசிகர் சிலருக்கு அது ராஜாவைச் சிதைத்த வேலை. எனக்கு அந்த வெட்டும் ஒட்டும்தான் பழக்கமான ஒலி. ஒரு பாட்டை முழுதாக, இடையறாமல் கேட்பது எங்களுக்கு எப்போதும் கிடைத்த வசதி அல்ல.

‘ஏன் தமிழில் பாடவில்லை?’ என்ற கேள்வியைப் புலம்பெயர்ந்தவர்களும் கேட்டார்கள், ஊரில் இருந்தவர்களும் கேட்டார்கள். அதோடு ஒட்டி இரண்டு எதிரெதிர்க் குற்றச்சாட்டுகள்: எங்களுக்காகப் போதியளவு பேசவில்லை என்று ஒன்று, எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரில் பேசுகிறார் என்று மற்றது. சிங்களத் தரப்பில் மூன்றாவது ஒன்று: 2008இல் டிலோன் என்ற இலங்கை வம்சாவளி அமெரிக்க ராப் பாடகர், மாயா புலிகளுக்குப் பிரசாரம் செய்கிறார் என்று காணொளி வெளியிட்டார்; தான் பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை என்று மாயா பதில் சொன்னார். விசித்திரம் என்னவென்றால், இந்த மூன்று தரப்பும் பேசியது பெரும்பாலும் முதல் அல்பத்தைப் பற்றி. ‘கலா’வில் புலி இல்லை, தகப்பன் இல்லை. விசா, அகதி, சந்தை, தெருப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு தரப்பு முதல் அல்பத்தைக் கொடியாகப் பிடித்தது, இன்னொன்று சாட்சியமாகக் கையில் எடுத்தது. இரண்டாவது வந்தபோது அதைக் கேட்கக் கை ஒழியவில்லை.

இது எங்களுக்குப் புதிய பழக்கம் இல்லை. எழுபதுகளில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு ‘சின்ன மாமியே’ பாடியபோது, இளசுகள் ஊர் ஊராக அதைப் பாடித் திரிந்தார்கள். கர்நாடக சங்கீதமே இசை என்று வளர்ந்த வீடுகள் முகம் சுழித்தன. அந்தப் பொப் பாடல்களை இன்று அதே வீடுகளின் பேரப்பிள்ளைகள் கலியாண மேடைகளில் பாடுகிறார்கள். இந்தியாவில் ‘அகம்’ குழுவுக்கும் இந்த இழுபறி உண்டு. 2012இல் முதல் அல்பம், 2017இல் இரண்டாவது. தியாகராஜர் கீர்த்தனையை றொக் கிற்றாருக்குள் கொண்டுவந்தால் சபாக்காரர் ஒரு பக்கமும் றொக் இரசிகர் ஒரு பக்கமும் இழுப்பார்கள் என்பது எதிர்பார்க்கக்கூடியது. அவர்களுக்கு வாய்த்தது, இரண்டு பக்கமும் பாட்டைப் பற்றியே சண்டை பிடித்தது.

மாயாவுக்கு அது மூன்றாவது அல்பத்திலும் வாய்க்கவில்லை. 2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடினார். அந்த நாட்களில் வன்னிப் போரில் சனம் செத்துக்கொண்டிருப்பதை அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் சொன்ன ஒரேயொரு பிரபலமான குரல் அவருடையது என்று சொன்னால் மிகையாகாது. 2010இல் தன் பெயரிலேயே ‘மாயா’ வந்தபோது ‘பிட்ச்ஃபோர்க்’ 4.4 போட்டது. இரைச்சலும் சந்தேகமும் நிறைந்த அந்த அல்பம் போர் முடிந்து ஒரு வருடத்தில் வந்தது. அதை அந்த வருடத்தில் கேட்ட ஓர் ஈழத்தமிழருக்கு அது ஏன் அப்படி ஒலிக்கிறது என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு யாழ்ப்பாணம் முற்றவெளியில் இசை நிகழ்ச்சிகளுக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. 2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணனுக்குத் திரண்டது; 2024 பெப்ரவரியில் ஹரிஹரன் வந்தபோது தடுப்புகள் உடைந்தன. வந்தவர்கள் எல்லாம் சென்னையின் சினிமாக் குரல்கள். குடாநாட்டுப் பெடியளும் பெட்டையளும் சொந்தமாகச் செய்யும் ராப்பும் பொப்பும் ஒவ்வொரு பாட்டாக யூடியூபில் வருகின்றன. பத்துப் பாட்டைக் கோத்து ஓர் அல்பமாக வைக்கக் காசும் இல்லை, கூலிக்கு எடுக்கக்கூடிய ஒலிப்பதிவுக் கூடங்களும் அதிகமில்லை. ஒரு பாட்டுக்கு விருப்பக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பத்துப் பாட்டோடு ஒருவர் நிற்கும்போதுதான் அவர் எங்கே போகிறார் என்று கேட்க முடியும். இன்னொரு பத்தோடு திரும்பி வரும்போதுதான் போன வழி சரியா என்று சண்டை பிடிக்க முடியும். கோண்டாவிலிலோ பருத்தித்துறையிலோ இருந்து ஒரு குழு அந்த இரண்டாவது பத்தைக் கொண்டுவந்தால், முதலாவதைப் போல இல்லையே என்று சொல்ல முதல் அதை இரண்டு தரம் கேட்பேன்.